ஒரு வீட்டில் இரண்டு செண்பகம்

1

குடியுரிமை அலுவலகத்தில் என் கோப்பைக் கவனிக்கும் அதிகாரி இரண்டு காகிதங்களை மேஜையில் அருகருகே வைத்தார். ஒன்று என் இந்தியப் பாஸ்போர்ட்டின் நகல். அதில் பெயர் வித்யா, குடும்பப் பெயர் முருகேசன். மற்றது குற்றாலத்தில் வாங்கிய பிறப்புச் சான்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. அதில் பெயர் செண்பகம்.

"முருகேசன் உங்கள் கணவர். திருமணத்தில் குடும்பப் பெயர் மாறியிருக்கிறது. அது புரிகிறது" என்றார். "செண்பகம் எப்படி வித்யா ஆனார்?"

"அதுவும் திருமணத்தில்தான் மாறியது."

"முதல் பெயரா?"

"ஆமாம். என் மாமியாரின் பெயரும் செண்பகம்."

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜெர்மன் மொழியில் வாக்கியத்தின் முக்கியமான சொல் பல நேரம் கடைசியில்தான் வரும். நான் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார். முடித்துவிட்டேன் என்று தெரிந்ததும் பேனாவை மூடினார்.

"என் அம்மா பெயர் ஆன்னா. என் மனைவி பெயரும் ஆன்னா. கிறிஸ்துமஸுக்கு இருவரும் ஒரே மேஜையில்தான் உட்காருகிறார்கள். பெரிய ஆன்னா, சின்ன ஆன்னா என்று கூப்பிடுகிறோம். உங்கள் வீட்டில் அப்படிச் செய்ய முடியாதா?"

அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. மாமியாரின் பெயரைச் சொல்லி மருமகளைத் திட்ட முடியாது, 'ஏட்டி', அதாவது 'அடியே', என்று விளிக்க முடியாது, ஆகவே மருமகளுக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே கோபம் வந்தது. எனக்கே நியாயமாகப் படாத ஒன்றுக்கு ஓர் அந்நிய மொழியில் நான் வக்கீலாக நிற்க வேண்டியிருந்தது.

"மாற்றிய ஆவணம் எங்கே?"

"ஆவணம் இல்லை."

"அப்படியானால் எப்படி மாற்றினார்கள்?"

"சொன்னார்கள்."

அவர் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். செண்பகமும் வித்யாவும் ஒரே ஆள்தான் என்று என் ஊர் அலுவலகம் எழுதித் தர வேண்டும். இரண்டில் என் பெயர் எது, மற்றொரு பெயர் எது என்றும் அதில் இருக்க வேண்டும். பெயர் என்று எது குறிப்பிடப்படுகிறதோ அதுவே குடியுரிமைச் சான்றில் ஏறும்.

"யோசித்துச் செய்யுங்கள், திருமதி முருகேசன்" என்றார் எழும்போது. "ஒருமுறை இங்கே பதிவாகிவிட்டால் அதுதான் நிலைக்கும்."

யோசிக்க எதுவும் இருக்கவில்லை. டிராம் நிறுத்தத்துக்கு நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். முருகேசன் இருக்கட்டும். அவரோடு வாழ்ந்தேன், அவர் இறந்து இரண்டு வருடமாகிறது, அந்தப் பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. வித்யா போக வேண்டும்.

2

திருமணம் குற்றாலத்தில், பெண் வீட்டு முறைப்படி நடந்தது. அழைப்பிதழில் 'திருவளர்செல்வி செண்பகம்' என்று அச்சாகியிருந்தது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்துவது என் பொறுப்பு. ஒரு பஞ்சாயத்து உறுப்பினரின் பெயர் தவறாக வந்துவிட்டால்கூட மறுநாள் திருத்தம் போடுவோம். கட்டம் கட்டி, வருந்துகிறோம் என்று எழுதி.

தாலி கட்டி முடிந்து தென்காசிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தோம். வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். மாமியார் நிலைப்படிக்கு உள்ளே பால் தம்ளரோடு நின்றார். என் கூட வந்திருந்த பெரியம்மாவுக்குப் பதற்றம். நான் இடது காலைத் தூக்கிவிட்டேன் போலிருக்கிறது.

"ஏட்டி செண்பகம், காலப் பாத்து வையேன்!" என்று கத்தினார்.

வாசலில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்தார்கள். சம்பந்தி வீட்டுக்காரி முதல் நாளே, ஊர் முன்னிலையில், மாமியாரை 'ஏட்டி' என்று கூப்பிட்டு, காலைப் பார்த்து வைக்கவும் சொன்னதாக ஆகிவிட்டது. பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் என் பெயர் ஒருவேளை இன்னும் ஒரு வாரம் பிழைத்திருக்கும்.

மாமியார் முகம் மாறவில்லை. கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "உள்ள வா வித்யா" என்றார்.

நான் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். கணவர் என் முழங்கையைத் தொட்டு, "ஒன்னயத்தான்" என்றார்.

உள்ளே போனேன். பால் கொடுத்தார்கள், குடித்தேன். பெரியம்மா குற்றவுணர்ச்சியில் சாப்பிடாமலே ஊருக்குத் திரும்பினார். என் அப்பா மறுநாள் வந்தபோது அவரும் வித்யா என்றுதான் கூப்பிட்டார். அந்த வீட்டு எல்லைக்குள் கூப்பிட வேறு வழி இல்லை என்றார். பிறகு போனிலும் அப்படியே பழகிவிட்டது.

சில மாதங்களில் ரேஷன் கார்டில் சேர்த்தார்கள், வித்யா என்று. வாக்காளர் பட்டியலில் வித்யா. கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்கு ஏஜென்ட் வந்தபோது, எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர் இருந்தால் நல்லது என்றார். எந்தப் பெயர் என்று யாரும் கேட்கவில்லை. ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போனார். திருமணத்தையும் அதே பெயரில் பதிவு செய்தார்கள். பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. ஏஜென்ட் அவற்றைப் பார்க்கவே இல்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் சாதாரணம். உங்கள் வீட்டிலேயே இப்படி ஒருத்தி இருப்பாள். அவளுக்குப் பள்ளியில் என்ன பெயர் என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

3

இங்கே வந்த முதல் வருடம் அரசாங்கம் நடத்தும் மொழி வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை தினமும் பெயர்களை வாசிப்பார். ஒரு வாரம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. வித்யா முருகேசன் ஒருநாள்கூட வகுப்புக்கு வரவில்லை என்று. நான் ஒவ்வொரு நாளும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயர் வாசிக்கப்பட்டபோது எனக்குக் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. விழுந்தது. அது நான் என்று தோன்றவில்லை.

கணவர் வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இங்கே பாரு' என்பார், அல்லது இருமுவார். வெளியாட்கள் முன்னால் மட்டும் வித்யா. அவரிடம் பெயரைப் பற்றி இரண்டு முறை பேசியிருக்கிறேன். முதல் முறை, "அம்மாட்ட யாரு போய்ப் பேசுததுக்கு?" என்றார். இரண்டாவது முறை, பல வருடம் கழித்து, "இப்ப மாத்துனா விசா, வங்கி, இன்சூரன்ஸ் எல்லாத்தயும் மாத்தணும். ஒனக்கு வேற வேலை இல்லியா?" என்றார். தொடக்கத்தில் சொன்னால் சீக்கிரம், பிறகு சொன்னால் தாமதம். சொல்வதற்கு உகந்த ஒரு நாள் இடையில் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

ஒருமுறை வீட்டுக்குச் சில தமிழ்க் குடும்பங்கள் விருந்துக்கு வந்திருந்தன. பேச்சு பெயர்களின் பக்கம் திரும்பியது. கணவர் சிரித்துக்கொண்டே ஒரு தகவலைச் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாத தகவல். கல்யாணத்தன்று வாசலில் அவருடைய சித்தப்பா ஒருவர் கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பையோடு நின்றாராம். பையில் 'வித்யா' என்று கடைப் பெயர் இருந்ததாம். அம்மா அதைப் பார்த்துத்தான் வைத்தாராம்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். ரசம் தாளிக்க வேண்டும் என்று யாரிடமோ சொன்னதாக நினைவு. ரசம் ஏற்கெனவே மேஜையில் இருந்தது.

என் மகள் நிலா இங்கே பிறந்தவள். ஹாம்பர்க்கில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி தயங்குவாள். பெயரை மாற்றப் போகிறேன் என்று போனில் சொன்னபோது அந்த ஒரு நொடி நீண்டது.

"அம்மா, செண்பகம் பாட்டியோட பேர்தானே?"

"என் பேரு."

"எனக்கு நீ வித்யா. என்னோட பர்த் சர்டிபிகேட்ல அம்மா பேர் வித்யா. இப்போ நீ மாத்தினா நானும் எல்லா ஆபீஸுக்கும் போகணுமா? எனக்கு எக்ஸாம் இருக்கு."

"நீ எங்கேயும் போக வேண்டாம். நான் போறேன்."

"சரி, கோபப்படாதே. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அப்போவே நீ நோ சொல்லியிருக்கலாமே?"

இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 'நோ' என்பது எல்லா வீட்டிலும் கிடைக்கும் பொருள். உப்பு, சர்க்கரை போல. போனை வைத்தேன். சிறிது நேரத்தில் ஒரு செய்தி அனுப்பினாள். 'செண்பகம்னா என்ன அர்த்தம்?' பூ என்று பதில் போட்டேன். ஒரு மஞ்சள் சிரிப்பு முகம் வந்தது.

4

தென்காசிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாரல் பிடித்திருந்தது. காகிதங்களை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக்கொண்டு குற்றாலத்தில் அண்ணன் வீட்டிலிருந்து பஸ் ஏறினேன். முதலில் இ-சேவை மையம். கணினியின் முன்னால் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆதார் நம்பர் சொல்லுங்கக்கா."

"ஆதார் இல்ல."

"ஆதார் இல்லாம எப்படிக்கா இவ்வளவு நாள் உசிரோட இருந்தீங்க?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பேரு மாத்தணும், அவ்வளவுதான? கல்யாணம் ஆயி இனிஷியல் மாத்துததுதான? தினம் பத்து வருது. புருசன் பேரப் போட்ருவோம்."

"புருஷன் பேரு ஏற்கெனவே இருக்கு. என் பேரு வேணும்."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்கு இதுல ஆப்ஷன் இல்லக்கா. வி.ஏ.ஓ. மேடத்தப் பாருங்க."

கிராம நிர்வாக அலுவலர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். புளியங்குடிக்காரர். மேஜைமேல் எலுமிச்சம்பழம் ஒரு பை நிறைய இருந்தது, வீட்டிலிருந்து கொண்டுவந்தாராம், அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் இரண்டு கொடுத்தார். பிறகு என் காகிதங்களை வரிசைப்படுத்தினார். அழைப்பிதழ், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று எல்லாம் ஒரு பக்கம். பாஸ்போர்ட், திருமணப் பதிவு, கணவரின் இறப்புச் சான்று இன்னொரு பக்கம்.

"இந்தப் பக்கம் ஒரு பொண்ணு, அந்தப் பக்கம் ஒரு பொண்ணு" என்றார். "நடுவுல பாலம் இல்ல."

"என் அண்ணன் குற்றாலத்துல இருக்கார். வந்து சொல்லுவார்."

"அவிய சொல்லுதது பொறந்த வீட்டுப் பேருக்குத்தான் சரிக்கா. வித்யாங்கது இவதான்னு அந்த வீட்ல இருந்து ஒரு பெரியவங்க வந்து சொல்லணும்லா. வாக்குமூலமா எழுதி, கையெழுத்து வாங்கி, தாசில்தாருக்கு அனுப்புதேன். அங்க இருந்து சான்று வரும்."

"என் மாமியார்தான் இருக்காங்க."

"ரொம்ப நல்லது. வச்சவங்களே சொல்லட்டும்." பேனாவால் தலையைச் சொறிந்தார். "இன்னொண்ணு. 'வித்யா என்கிற செண்பகம்'னு எழுதணுமா, 'செண்பகம் என்கிற வித்யா'ன்னு எழுதணுமா? மொதல்ல வாரதுதான் பேரா நிக்கும். ரெண்டாவது சும்மா தொத்திக்கிட்டு வரும்."

"செண்பகம்."

"அப்ப ஆச்சிட்டயும் பேசிட்டு வந்திருங்க. ஆபீஸ்ல வந்து ஆளுக்கொண்ணு சொன்னா நான் எழுத முடியாது."

என்னுடைய பெயரை நான் சொன்னால் போதாது. அதைப் பறித்தவர் வந்து, பறித்தேன் என்று சொல்லி, எது என்னுடையது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னார். விதி அப்படி. நான் எலுமிச்சம்பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மழையில் நின்றேன், குடை கையில்தான் இருந்தது.

5

மாமியார் தென்காசியில் இளைய மகன் குடும்பத்தோடு இருக்கிறார். நான் போனபோது மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர். கண்ணாடி இல்லாமல் கீழே ஓடும் எழுத்தைக்கூடப் பார்ப்பார், படிக்கத்தான் தெரியாது.

"வாட்டி வித்யா. என்ன இப்படி மெலிஞ்சிட்ட? அங்கன சோறு கெடைக்குதா, இல்ல ரொட்டியத் தின்னுட்டு கெடக்கியா?"

சாப்பிட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். வி.ஏ.ஓ. அலுவலகம், வாக்குமூலம், கையெழுத்து.

"அதுக்கென்ன, வாரேன். எம்மருமவ வித்யான்னு எத்தன எடத்துல வேணும்னாலும் போடுதேன்."

"வித்யான்னு இல்ல அத்தை. செண்பகம்னு போடணும்."

அவர் ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை.

"ஏன், வித்யாவுக்கு என்ன கொறச்சல்? நல்ல ஸ்டைலான பேருலா. ஒங்கள மாதிரிப் படிச்ச பிள்ளைகளுக்குள்ள பேரு."

"பையப் பாத்து வச்ச பேரு."

"எந்தப் பை?" என்றார். உண்மையிலேயே நினைவில்லை. அந்தப் பையை நினைத்து எனக்கு எவ்வளவு நாள் நெஞ்சு எரிந்திருக்கிறது.

"அது என் பேரு இல்ல, அத்தை."

"இருவத்தஞ்சு வருசமா அந்தப் பேருல தின்ன, உடுத்தின, பிள்ள பெத்த. இப்ப இல்லியாம்லா! எம்மவன் இருந்த வரைக்கும் வாயத் தொறக்கல. அவன் போனதும் பேரக் கேட்டு வந்து நிக்க."

"அவருகிட்டயும் கேட்டேன். உங்ககிட்ட பேசப் பயந்தாரு."

"பயப்படணும்லா" என்றார் திருப்தியோடு. பிறகு குரலை உயர்த்தினார். "நான் உசிரோட இருக்கையில இந்த வீட்ல இன்னொரு செண்பகமா? நாளைக்கு எவனாவது போன்ல, செண்பகம் செத்துட்டான்னு சொன்னா, 'எந்தச் செண்பகம்'னு கேக்கவாட்டி?"

"நான் இந்த வீட்லயா இருக்கேன்? எங்கயோ ஜெர்மனில இருக்கேன்."

"பின்ன எந்த வீட்டு மருமவ நீ?"

நான் எழுந்து தட்டுகளைக் கழுவினேன். பத்திரிகையில் இருந்தபோது எத்தனையோ பேரிடம் அவர்கள் சொல்ல விரும்பாததைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். போலீஸ்காரர்களிடம், வியாபாரிகளிடம், ஒரு எம்.எல்.ஏ.விடம். என் மாமியாரிடம் இரண்டு கேள்விக்கு மேல் போக முடியவில்லை. அந்த வீட்டின் அடுப்படியில் நின்றதும் நான் மறுபடியும் அந்த முதல் நாள் மருமகள் ஆகிவிடுகிறேன். அதுவும் கோபமாக இருந்தது.

கிளம்பும்போது சொன்னார். "நாளைக்கு ஆட்டோ கூட்டிட்டு வா. வாரேன். ஆனா எவ கேட்டாலும் என் வாயில வித்யான்னுதான் வரும். இப்பமே சொல்லிட்டேன்."

6

மறுநாள் அவர் பட்டுப் புடவை கட்டி, காதில் கம்மல் மாற்றி, தயாராக இருந்தார். அலுவலகம் என்றால் அவருக்கு ஒரு விசேஷ வீடு மாதிரி. ஆட்டோவில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. டிரைவரிடம் மட்டும், "இவ எம்மூத்த மருமவ, வித்யா. ஜெர்மனில இருக்கா" என்றார், நான் கேட்கும்படி.

வி.ஏ.ஓ. எழுந்து நாற்காலி போட்டார். "வாங்க ஆச்சி. தண்ணி குடிக்கீங்களா?"

"வேண்டாம் தாயி. எங்க கையெழுத்து?"

"இருங்க, எழுதணும்லா." அவர் காகிதத்தை எடுத்தார். "ஒங்க பேரு?"

"செண்பகம்."

"பொறந்ததுல இருந்து அந்தப் பேருதானா? எங்க சின்னம்மைக்கும் கட்டிக்கொடுத்த வீட்ல பேரு மாத்துனாவ. அதான் கேக்கேன். இந்த மாதிரிக் கேஸ்ல சாட்சியோட பேருலயும் கேள்வி வரும்."

மாமியார் முந்தானையை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டார். சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தார்.

"பேச்சியம்மா" என்றார்.

"யாரு?"

"நாந்தான். எங்க வீரகேரளம்புதூர்ல பேச்சின்னாதான் தெரியும். இங்கன வந்து பாத்தா மாமியாரும் பேச்சி. கல்யாணம் முடிஞ்சு மறுநா எல்லாரும் குத்தாலத்துக்குக் குளிக்கப் போனோம். திரும்பி வாரயில, வண்டில வச்சு மாமியா சொன்னாவ, இவள இனிமே செண்பகம்னு கூப்பிடுங்கன்னு. மேல செண்பகாதேவி அருவி இருக்குல்லா, அதான். ஈரத்தலை காயதுக்குள்ள பேரு மாறிட்டு."

வி.ஏ.ஓ. சிரித்தார். "அப்ப ஆச்சிக்கும் ஒரு சான்று போட்டிருவோமா?"

"அட போடி. பேச்சின்னு கூப்பிட எவ இருக்கா இப்ப? எல்லாம் போய்ச் சேந்தாச்சு."

இதைப் படிக்கும் நீங்கள், அந்த இடத்தில் நான் இளகியிருப்பேன், அவர் கையைப் பிடித்திருப்பேன் என்று நினைப்பீர்கள். நிலாவும் அப்படித்தான் நினைத்தாள், போனில் சொன்னபோது அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை வருடம் நான் அவரை, தன் பெயர் தன் வீட்டில் அவமதிக்கப்பட்டதால் கொதித்த ஒரு பெண் என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு நியாயத்தையாவது தேடி வைத்திருந்தேன். அவர் காத்தது தன்னுடைய பெயரைக்கூட அல்ல. குளித்துவிட்டு வரும் வழியில் யாரோ தலையில் கட்டிய ஒன்றுக்காக, என் அப்பா எனக்கு வைத்ததை எடுத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுமா செஞ்சீங்க?" என்றேன். குரல் அந்த அறைக்கு அதிகம். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னத்த?"

"பேரப் பிடுங்குனா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுமா எனக்குச் செஞ்சீங்க?"

"ஆமா. தெரியாமயா செய்வாவ?" அவர் என்னை நேராகப் பார்த்தார். "எனக்குச் செஞ்சாவ. நான் செஞ்சேன். நானாவது சாப்பிடாமக் கெடந்து அழுதேன். மாமியா வந்து அடிச்சாவ. நீ அழக்கூட இல்லியே. பாலக் குடிச்சிட்டு உள்ள போயிட்ட. சரி, படிச்ச பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு போலன்னு நெனச்சேன்."

"பிடிக்கல."

"இப்ப சொல்லுத."

"இப்ப சொல்றேன்."

வி.ஏ.ஓ. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். "சரி, என்னதான் எழுத? எது மொதல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"செண்பகம்னே போடு தாயி. வித்யா நான் வச்சதுதான். வச்சவ நானே எடுத்துக்கிடுதேன். அவ பேர அவளுக்குக் குடுத்தாச்சு, போ."

வி.ஏ.ஓ. முகம் மலர்ந்தது. குனிந்து எழுத ஆரம்பித்தார். மாமியார் என் பக்கம் திரும்பி, போதுமா என்பதுபோல் தலையை ஆட்டினார். விரும்பியது கிடைத்துவிட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் எல்லோரும் மனநிறைவோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அன்று பாலைக் குடித்ததுபோல.

"என்ன எழுதுனீங்க, வாசிங்க" என்றேன்.

"'எனது மருமகளுக்கு நான் வைத்த வித்யா என்ற பெயரை நீக்கி, செண்பகம் என்ற பெயரை அவருக்குத் திரும்ப வழங்கச் சம்மதிக்கிறேன்.' ஆச்சி சொன்னதுதான்."

"அத அடிச்சிருங்க."

"ஏன்க்கா? நீங்க கேட்டதுதான வந்திருக்கு?"

"அவங்க சம்மதம் வேண்டாம். அவங்க பேரு மாத்தினாங்க, அத மட்டும் அவங்க சொன்னதா எழுதுங்க. என் பேரு செண்பகம்கிறத நான் சொன்னதா எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானக்கா."

"ஒண்ணில்ல."

மாமியார் கையைத் தூக்கினார். "எழுது தாயி, எழுது. குடுத்தாலும் குத்தம். எடுத்தாலும் குத்தம்."

வி.ஏ.ஓ. அந்த வரியின்மேல் கோடு போட்டார். கீழே புதிதாக எழுதினார். என் பெயர் செண்பகம். திருமணத்தின்போது என் மாமியார் என்னைக் கேட்காமல் அதை வித்யா என்று மாற்றினார்; அதை அவரே ஒப்புக்கொள்கிறார். என் பெயராகச் செண்பகம் என்பதையே பதிய வேண்டும். 'கேட்காமல்' என்ற சொல் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். மாமியார் அதை மறுக்கவில்லை.

முதலில் அவர் கையெழுத்திட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, செ, ண், ப, க, ம். அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு கைநாட்டு வைக்கக் கூடாது என்று என் மாமனார் சொல்லிக்கொடுத்தது. பேச்சியம்மா என்று எழுதத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது" என்றார், பேனாவை என்னிடம் நீட்டியபடி.

"ரெண்டு எடம்க்கா" என்றார் வி.ஏ.ஓ. "அடிச்ச வரிக்குப் பக்கத்துல ஒண்ணு, கீழ ஒண்ணு. பாஸ்போர்ட்ல இருக்க மாதிரியே போடுங்க. மாத்திப் போட்டா தாலுகா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாவ."

"பாஸ்போர்ட்ல வித்யான்னு இருக்கு."

"தெரியும்க்கா. சான்று வார வரைக்கும் அதான் செல்லும்."

மாமியார் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணாடியில்லாத கண்களைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோடு போட்ட வரிக்குப் பக்கத்தில் வித்யா என்று எழுதினேன். பிறகு, என் பெயர் செண்பகம் என்று நான் சொன்னதற்குக் கீழே, அழுத்தி, இன்னொரு முறை வித்யா என்று எழுதினேன்.